நன்றாகத்தானே பேசுகிறாள்?

“38 வயதில் போய் ஆட்டிசமா? வேலைக்குப் போகிறாள், வண்டி ஓட்டுகிறாள், பிள்ளை வளர்க்கிறாள். நம்மிடமும் நன்றாகத்தானே பேசுகிறாள்?”

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், சில வீடுகளில் கணவர்கள். பேரனைப் பற்றிப் பள்ளியில் ஏதோ சொல்லி, டாக்டரிடம் காட்டி, ஆட்டிசம் என்றோ ஏடிஹெச்டி என்றோ தெரிய வந்திருக்கும். குழந்தையைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்த தாய், பாதியில் நிறுத்தி, “இதெல்லாம் எனக்கும் உண்டே டாக்டர்” என்றிருப்பார். வளர்ந்தவர்கள் பலர் தங்களைப் பற்றி அறிந்துகொள்வது இந்த வழியில்தான். அவருக்கு அது பெரிய நிம்மதி. வீட்டில் மற்றவர்களுக்கோ தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை.

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. உண்மையான குழப்பம்தான் இருக்கிறது. ஆகவே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மின்விசிறிச் சத்தம் சற்று நேரத்தில் காதில் விழாமல் போய்விடுகிறது. எதிரே இருப்பவர் சலித்துக்கொள்வதை அவர் முகமே சொல்லிவிடுகிறது. கையிலிருக்கும் வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது பெரிய காரியமாகத் தெரிவதில்லை. இவற்றில் ஒன்றோ பலவோ பிறவியிலேயே வேறு விதமாக அமைந்த மனிதர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம், கவனத்தைத் தன் விருப்பத்துக்குத் திருப்ப விடாத ஏடிஹெச்டி, எழுத்தோடு மல்லுக்கட்ட வைக்கும் டிஸ்லெக்சியா, டூரெட் என்று இதில் பல வகை. எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்ற சொல் இப்போது புழங்குகிறது. 1990-களில் ஆட்டிசம் உள்ளவர்களே தங்களுக்குள் கடிதமாகவும் இணையத்திலும் பேசிக்கொள்ளத் தொடங்கியபோது முளைத்த சிந்தனை அது. ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998-இல் தம் ஆய்வேட்டில் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். மூளைகள் பலவிதம், அந்தப் பலவிதமும் மனித இயல்பே என்பது அதன் சாரம்.

இது வளர்ப்பால் வருவதில்லை. 18 வயதானதும் போய்விடுவதுமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை ஆட்டிசம் உள்ள பெரியவராக வளர்கிறது. எளிய உண்மைதான், ஆனால் விழிப்புணர்வுச் சுவரொட்டி எல்லாவற்றிலும் குழந்தையின் படமே இருப்பதால் நமக்கு மறந்துவிடுகிறது.

அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு ஏன் யார் கண்ணிலும் படவில்லை? ஒரு காரணம், மருத்துவமே தாமதமாகக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கன்னர் 1943-இல் 11 குழந்தைகளை விவரித்துக் கட்டுரை எழுதினார். அதன் பிறகு வெகுகாலம், பேச்சு வராத, தன் உலகிலேயே இருக்கும் குழந்தைதான் ஆட்டிசம் என்று மருத்துவர்களே எண்ணினார்கள். சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் இது இருக்கலாம் என்பதை லண்டனில் லோர்னா விங் 1981-இல் எடுத்துச் சொன்னார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் திருத்தப்பட்டபோது, பழைய பிரிவுகள் பெரும்பாலும் ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே பெயருக்குள் வந்தன. ஒரே ஆளுக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கலாம் என்று முதன்முறையாக ஏற்றுக்கொண்டதும் அந்தத் திருத்தம்தான். அறிகுறிகள், வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்திருக்கலாம் என்று ஒரு வரியையும் அது சேர்த்தது. இன்று 38 வயதாகும் பெண் பள்ளிக்குப் போன காலத்தில் இது எதுவும் டீச்சருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்த ‘கற்றுக்கொண்ட உத்தி’யைத்தான் மாஸ்கிங் என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பலர் சொன்னவற்றைச் சேர்த்து நான் உருவாக்கியவர் அவர். சென்னையில் ஐ.டி. வேலை, பெரும்பாக்கம் பக்கம் ஃப்ளாட், ஒரு மகன்.

காலை மீட்டிங்கில் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களைக் குளிக்கும்போதே சொல்லிப் பார்த்துவிடுகிறார். மீட்டிங்கில் மேனேஜரின் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறாது. அதனால் புருவங்களுக்கு நடுவே பார்க்கிறார். மூன்று விநாடி பார்த்துவிட்டு விலகி, மறுபடி பார்க்கிறார். தலைக்கு மேல் டியூப்லைட் ரீங்காரம், ஏ.சி. சத்தம், பக்கத்து இருக்கைக்காரரின் சென்ட், பான்ட்ரியில் யாரோ சூடாக்கும் மீன் குழம்பு. எல்லாமே ஒரே அளவில் உள்ளே வந்துகொண்டிருக்கின்றன, எதுவும் பின்னால் போவதில்லை. உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினால் இதமாக இருக்கும். அல்லது காலையாவது ஆட்டலாம். ஆனால் “காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது” என்று பாட்டி தொடையில் தட்டித் தட்டியே அது சின்ன வயதில் நின்றுபோனது. இப்போது மேசைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், கட்டைவிரல் நகத்தை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஜோக் அடிக்கிறார்கள். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்து இவரும் சிரிக்கிறார். ஒருவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறார். இவருக்கு மனசு பதறுகிறது, ஆனால் அந்தப் பதற்றம் முகத்துக்கு வருவதில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதை சீரியல்களிலும் கல்லூரித் தோழிகளிடமும் பார்த்துப் படித்து வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பேசுகிறார். “சாப்டாச்சா?” என்ற கேள்வி அவருக்குப் பிடிக்கும். அதற்குப் பதில் முடிவாகி இருக்கிறது. போனில் சித்தி இழுக்கும் “அப்புறம்...?” தான் பெரும் பயம். அதற்கு எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்று எந்தக் கணக்கும் கிடையாது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் படுக்கையறை விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். கணவர் கேட்பதற்கு வாயில் வார்த்தை வருவதில்லை. குக்கர் விசில் அடித்தால் அழுகை வருகிறது. “ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுற, வீட்டுக்கு வந்தா மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குற” என்கிறார் மாமியார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். வீட்டாருக்குக் கிடைப்பது அந்தப் பெண்ணின் மிச்சம் மட்டுமே. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். அவர் யாரிடம் முகமூடியைக் கழற்றுகிறாரோ, யாரை நம்புகிறாரோ, அவர்களிடமிருந்தே ‘என்னை மதிக்கவில்லை’ என்ற பழி வந்து சேர்கிறது.

ஏடிஹெச்டி உள்ளவர்களின் முகமூடி வேறு மாதிரி. ஒருமுறை ரயிலைத் தவறவிட்ட அவமானத்தில், அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு மணி நேரம் முன்பே எழும்பூர் நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பார். கேஸை மூடினோமா என்று மாடிப்படியிலிருந்து திரும்ப வருவார். பத்து நாள் அவகாசம் இருந்த வேலையைக் கடைசி இரவில் பயத்தின் உந்துதலில் முடித்துக் கொடுப்பார். காலையில் பார்ப்பவர்களுக்குக் கச்சிதமான அறிக்கை தெரியும், அந்த இரவு தெரியாது. “மூளை இருக்கு, பொறுப்புதான் இல்ல” என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர் என்பதால், அந்தப் பெயர் மறுபடி வந்துவிடக் கூடாது என்பதற்காக எதையும் செய்வார்.

லாரா ஹல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2017-இல் ஆட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள் எளிமையானவை. வேலை வேண்டும், கேலியிலிருந்து தப்ப வேண்டும், நட்பு வேண்டும். மனிதர்களே வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்கள் இவர்கள் என்று நாம் நினைத்திருந்தோமே, அந்த நினைப்பு இங்கே உடைகிறது. மனிதர்கள் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

“எல்லோரும்தான் வெளியே கொஞ்சம் நடிக்கிறோம். நான் மட்டும் ஆபீஸில் நானாகவா இருக்கிறேன்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ் வழியில் படித்து வந்த ஒருவர், முதல் வேலையில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் கட்டி, சரிபார்த்து, வெளியே விட வேண்டும். தப்பினால் ஆள் முட்டாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரும் அதே ஆங்கிலத்தைத்தான் பேசுகிறார், ஆனால் அவருக்கு அது யோசிக்காமல் வருகிறது. மாஸ்கிங் செய்பவருக்கு அந்த முதல் நாள் முடிவதே இல்லை. நாம் மறைப்பது அன்றைய எரிச்சலை, சலிப்பை. அவர்கள் மறைப்பது தங்கள் நரம்புகள் வேலை செய்யும் விதத்தையே. நாம் தவறினால் சங்கடம், அவர்கள் தவறினால் வேலையோ உறவோ போகலாம்.

அதற்கான விலை சிறிதல்ல. அமெரிக்காவில் டோரா ரேமேக்கர் தலைமையில் ஆட்டிசம் உள்ளவர்களும் சேர்ந்தே நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. நீண்ட காலம் தாங்கிப் பிடித்தவர்கள் ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சரிவதை அது விவரிக்கிறது. மாதக்கணக்கில் தீராத களைப்பு. முன்பு தாங்க முடிந்த சத்தம் இப்போது தாங்க முடிவதில்லை. அதைவிட அச்சம் தருவது, தெரிந்த திறமைகளே கைவிட்டுப் போவது. நேற்றுவரை கணக்கு பார்த்தவரால் இன்று மின்கட்டணம் கட்ட முடிவதில்லை, சமைக்கத் தெரிந்தவர் அடுப்படியில் நின்று அடுத்து என்ன என்று தெரியாமல் விழிக்கிறார். டாக்டரிடம் போனால் மனச்சோர்வு என்று மாத்திரை கிடைக்கும். மனச்சோர்வும் கூடவே இருக்கலாம். ஆனால் வேரில் இருப்பது தெரியாவிட்டால், ‘கொஞ்சம் வெளியே போங்கள், நாலு பேரோடு பழகுங்கள்’ என்ற அறிவுரை வரும். களைப்புக்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுக்கும் அறிவுரை அது.

மாஸ்கிங் அதிகமாக இருப்பவர்களிடம் தற்கொலை எண்ணமும் அதிகம் காணப்படுவதாக பிரிட்டனில் சாரா காஸிடி குழு 2018-இல் எழுதியது. இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் வீட்டில் ஒருவர் அந்த எல்லைக்குப் போகிறார் என்று தோன்றினால் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

பெண்கள் இதில் கூடுதலாக மறைந்துபோகிறார்கள். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்றுதான் வெகுநாள் சொல்லி வந்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்பதே உண்மைக்கு நெருக்கம், பெண் குழந்தைகள் பலர் கண்டறியப்படாமலே விடப்படுகிறார்கள் என்றது. நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். மூலையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பெண் குழந்தையைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. “இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு அடக்கம்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிமிராமல் இருப்பது நல்ல குணம் என்றே கணக்கில் எழுதப்படுகிறது. பையன்கள் மார்க்குக்குப் பின்னால் மறைகிறார்கள். “படிப்பாளி, யாரோடும் சேர மாட்டான்” என்று ஊரே விட்டுவிடும், அவனும் பொறியியல் முடித்துவிடுவான். பள்ளியின் மணியும் கால அட்டவணையும் அம்மாவின் ஏற்பாடுகளும் இருக்கும்வரை ஓடும். கல்யாணம், புகுந்த வீடு, குழந்தை, மேனேஜர் பதவி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது, அதுவரை தாங்கிய எதுவும் போதாமல் போகிறது. 38 வயதில் ‘திடீரென்று’ வந்தது போலத் தோன்றுவது இதனால்தான். புதிதாக எதுவும் வரவில்லை, மறைக்கத் தேவையான பலம் தீர்ந்துபோயிருக்கிறது.

இதுவரை அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினோம். இனி எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மைப் பற்றியும் பேச வேண்டும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் நோவா சாஸனும் உடன் பணிபுரிந்தவர்களும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் காட்சிகளைச் சில விநாடிகள் மட்டும் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். யாருக்கு என்ன என்று சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களைப் பார்த்தவர்களுக்கு அவர்களோடு பழகவோ பக்கத்தில் உட்காரவோ விருப்பம் குறைவாக இருந்தது. அதே பேச்சை முகமும் குரலும் இல்லாமல் எழுத்தாக மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. அவர்கள் சொன்னதில் குறையில்லை. சொன்ன தோரணை நமக்குப் பழக்கமில்லாதது, அவ்வளவுதான். அந்த முதல் சில விநாடிகளில் விழும் தீர்ப்புதான் முகமூடியை மாட்டச் சொல்கிறது.

ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன் 2012-இல் இதைக் கோட்பாடாகவே வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அவர்கள் மனம் நமக்குப் புரிகிறதா என்று அவர் கேட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது என்பது அவர் வாதம். எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. எட்டு எட்டுப் பேராக வரிசை. முதல் ஆள் ஒரு கதையை இரண்டாம் ஆளுக்கு, அவர் மூன்றாம் ஆளுக்கு என்று சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் கதையை ஒரே அளவு காப்பாற்றின. கலந்திருந்த வரிசையில்தான் அதிகம் சிந்தியது. அது 2020-இல். பிறகு அதே சோதனையை அதிகப் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆகவே மில்டன் சொன்னது முழுக்க நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு முறையும் மாறாத ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் எந்தக் குறையும் தென்படவில்லை.

முகமூடி தேவைப்படாத வாழ்க்கை எப்படி இருக்கும்? இதற்கு ஒரு நல்ல பதில், மருத்துவ வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கன்னரின் 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதலாவதாக வரும் பையன் டொனால்டு ட்ரிப்லெட். 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிறு நகரில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், தாயின் குடும்பத்துக்கு உள்ளூர் வங்கியில் பங்கு. நான்கு வயதுகூட நிரம்பாத அவரை, அன்றைய வழக்கப்படி, ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லியும், பெற்றோர் திரும்ப அழைத்து வந்தார்கள். தந்தை 33 பக்கக் கடிதம் ஒன்றைக் கன்னருக்கு அனுப்பினார். ஆட்டிசம் என்ற நோயறிதலுக்கே அடித்தளமான ஆவணங்களில் அந்தக் கடிதமும் ஒன்று.

1942-இல் டொனால்டை அருகில் ஒரு பண்ணையில், பிள்ளையில்லாத தம்பதியரிடம் விட்டார்கள். கன்னர் மூன்றாண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்து எழுதியது, எனக்கு எந்த உளவியல் நூலைவிடவும் பெரியது. பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். பண்ணைக்காரர்கள் திட்டவில்லை, கிணறு தோண்டும் வேலையில் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கொடுத்தார்கள். குதிரையைத் திருப்பி அழகாக உழுதான் என்று கன்னர் வியக்கிறார். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்து வைத்தான். ஓர் இடம் ஒதுக்கி அங்கே புதைக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும், கூடவே அந்தப் பண்ணைக் குடும்பப் பெயரும் எழுதிப் பலகை நட்டான். கிராமத்துப் பள்ளியும் அவனை அவன் போக்கிலேயே ஏற்றுக்கொண்டது.

அந்தப் பையன் கல்லூரிக்குப் போய் 1958-இல் பிரெஞ்சு மொழியில் பட்டம் வாங்கினார். குடும்பத்தின் வங்கியில் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே 30-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றினார். பார்க்கிறவர்களுக்கு எண்களைச் சூட்டும் பழக்கம் அவருக்கு இருந்தது. பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தாலும் எண்ணைச் சரியாகச் சொல்வார். ஊர்க்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த எண்ணைப் பெருமையாக நினைவு வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ஜான் டான்வன், கேரன் ஸக்கர் என்ற இரு பத்திரிகையாளர்கள் அவரைத் தேடிப் போனபோது, டொனால்டுக்கு ஏதாவது கெடுதல் செய்தால் சும்மா விட மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தார்களாம். அப்போதும் அவர் பேச்சு துண்டு துண்டாகத்தான் இருந்தது, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஆட்டிசம் அப்படியே இருந்தது, வாழ்க்கையும் நிறைவாக இருந்தது. 2023 ஜூனில், 89 வயதில் இறந்தார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் வெள்ளையர், பணக்காரர் வீட்டுப் பிள்ளை. அதே மிசிசிப்பியில் அதே ஆண்டில் பிறந்த ஓர் ஏழைக் கறுப்பினப் பையனுக்கு அந்த ஊர் அப்படி நடந்துகொண்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. முகமூடி இல்லாமல் இருக்க முடிவதும் வசதியைப் பொறுத்ததாகவே இருக்கிறது. இன்று சிலர் ‘முகமூடியைக் கழற்று, நீ நீயாக இரு’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவர், வாடகை வீடு தேடுகிறவர், மாமியார் வீட்டில் புதிதாகக் காலடி வைத்தவர் எல்லோராலும் அது முடியாது. முகமூடி பல நேரம் பாதுகாப்பு. அதனால்தான் மாற வேண்டிய முதல் ஆட்கள், அவரைவிட அதிகாரம் கூடுதலாக இருப்பவர்கள்: மேனேஜர், மாமியார், கணவர், அப்பா.

இனி நடைமுறை. ரீல்ஸ் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். தூக்கமின்மை, தைராய்டு, பதற்ற நோய், பழைய அதிர்ச்சிகள் எல்லாமே இதைப் போன்ற சாயலைக் காட்டும். பெரியவர்களைப் பரிசோதித்துப் பழகிய மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் தொடங்கலாம். சிறுவயதில் எப்படி இருந்தார் என்று கேட்பார்கள். பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய குறிப்பும் அம்மாவின் நினைவுகளும் அங்கே மிகவும் உதவும். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை எதுவும் கிடையாது. ஏடிஹெச்டிக்கு உண்டு, பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 நிலைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, ஏடிஹெச்டி இல்லை. அது விடுபட்டிருப்பது பெரிய குறை. இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதச் சான்றிதழ் வேண்டும். ஆனால் வேலையிடத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது அதைவிடச் சிறியது. மீட்டிங்கில் பேசப்போவதை முன்கூட்டியே எழுத்தில் தருவது, ஹெட்போன் போட்டுக்கொள்ள விடுவது, வீடியோவை அணைக்க அனுமதிப்பது, சொன்ன வேலையை ஒரு மெயிலில் திரும்பச் சொல்வது. இதற்கெல்லாம் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவையும் அப்படித்தான். வேலை முடிந்து வந்தால் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்காதீர்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் யார், எத்தனை மணிக்கு, எப்போது கிளம்புவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கல்யாணத்தில் கெட்டிமேளத்தின்போது அவர் மண்டபத்துக்கு வெளியே போய் நின்றால் தேடிப்போய் இழுத்து வராதீர்கள். “அப்புறம்?” என்பதற்குப் பதிலாக “அந்த புது மானிட்டர் வந்துடுச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், அது உங்களோடு அவர் நெருக்கமாக இருக்கிறார் என்று அர்த்தம், கேளுங்கள். பேசாமல் ஒரே அறையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே அர்த்தம்தான்.

பேரனுக்கும் இதுவே பொருந்தும். அவன் காலை ஆட்டட்டும். டாக்டரின் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னால், பதில் சரியா என்று மட்டும் பாருங்கள்.

உறவுக்காரர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மகளிடமே கேளுங்கள், யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் வேண்டாம் என்றால், அடுத்த விசேஷத்துக்கு ஏன் அவள் வரவில்லை என்று அத்தை கேட்கும்போது, “அவளுக்கு அன்னிக்கு ஓய்வு வேணும்” என்று சொன்னால் போதும்.